புது காரின் சர்வீஸில் டீலர் தவறு செய்துவிட்டால் என்ன செய்வது?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். கார் வாங்கிப் பத்து மாதம். 10,000 கி.மீ. சர்வீஸ் முடித்து, எஞ்சின் ஆயில் மாற்றி, சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மறுநாள் காலை கோலம் போட வந்த அம்மா, "டேய், காருக்குக் கீழே தேன் கொட்டின மாதிரி இருக்கே, என்னடா?" என்றார். புது ஆயில் அந்த நிறத்தில்தான் இருக்கும். குனிந்து பார்த்தேன். எஞ்சினின் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில், ஆயில் குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

டீலரின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க சார், டாப் அப் பண்ணிடலாம்" என்றார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் எஞ்சினுக்குள்ளே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கியிருக்கும். நான் வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. போட்டோ, வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, டோ வண்டியில் ஏற்றித்தான் அனுப்பினேன்.

அங்கே பழைய வாஷரையே திரும்பப் போட்டு, போல்ட்டையும் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். வேலை பார்த்த பையன் தலைகுனிந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வண்டியில் என்ன பழுது, என்ன வேலை என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் கார்டில் "ஆயில் கசிவு, டிரெயின் போல்ட் சரியாக இறுக்கப்படவில்லை" என்று எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலில் "பொதுப் பரிசோதனை" என்றுதான் எழுதியிருந்தார்கள். வாரண்டி தயாரிப்புக் குறைக்குத்தான். இரண்டு வருடம் கழித்து எஞ்சினில் சத்தம் வந்தால், "ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று பழியை நம் மேல் போட்டுவிடலாம். அன்றைக்கு நம் கையில் இருக்கப்போவது அந்த ஒரு காகிதம்தான்.

அப்புறம் முதல் சர்வீஸ், இந்தக் கசிவு என இரண்டு ஜாப் கார்டு எண்களையும் போட்டு, கார் தயாரித்த கம்பெனிக்கே மெயில் அனுப்பினேன். ஆயிலும் ஃபில்டரும் இலவசமாக மாற்றித் தந்தார்கள். எஞ்சின் வாரண்டி தொடரும் என்று எழுத்தில் வாங்க நாலு நாள் ஆனது.

உங்களுக்கு அப்படிப் பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் சரியாகவில்லை என்றால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். ஜாப் கார்டு, பில், மெயில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.