கேளுங்க, கிளம்பலாம்: நேபாளத்துக்கு எவ்வளவு காசு வேண்டும்?

போன இதழில் நேபாளம் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நம்ம வடசென்னைப் பக்கத்திலிருந்து. நானும் தண்டையார்பேட்டைக்காரி என்பதால் ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை படித்தேன். எல்லாவற்றுக்கும் இடம் போதாது, ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, நாங்கள் காசிமேடு. வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை செய்கிறார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போதுதான் அவருக்கு ஓய்வு. கையில் காசு ஓடாததும் அப்போதுதான். சீட்டிலும் மகளிர் குழுவிலுமாகச் சேர்த்தது 60,000 இருக்கிறது. மாமியாருக்கு வயது 67, மகளுக்கு 16. நாலு பேரும் நேபாளம் போய்வர இது போதுமா? யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை.

போதும்மா. ஆனால் காசை எண்ணுவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து காகிதங்களை எடுத்து வையுங்கள், ஏனென்றால் இந்தப் பயணத்தில் காசு குறைந்தால் சமாளித்துவிடலாம், காகிதம் குறைந்தால் எல்லையிலேயே நிற்க வேண்டியதுதான்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை போதும். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் அதுதான் ஆவணம். ஆதார் மட்டும் கையில் இருந்தால் அது ஆகாது. போன் போட்டுக் கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் “ஆதார் இருக்கே” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாமியார் 65-ஐத் தாண்டியவர், அவருக்கு ஆதாரே செல்லும். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இடையில் மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். 15-லிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியர் தரும் அடையாளச் சான்று வேண்டும், அதற்கென்று ஒரு படிவமும் உண்டு. ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், அதனால் பரீட்சை நடக்கும்போதே கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துவிடுங்கள். வாக்காளர் அட்டையில் பெயர், இனிஷியல், படம் எல்லாம் பார்த்தால் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். லேமினேஷன் பிரிந்து முகம் அழிந்துபோன அட்டை என்றால் இப்போதே மாற்று அட்டைக்கு எழுதிப் போடுங்கள்.

அடுத்தது ரயில். சென்னை வழியாகப் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் உங்களை நேராக உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் இறக்கிவிடும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதாவது ஏப்ரல் 20-ஆம் தேதி கிளம்ப நினைத்தால் பிப்ரவரி 19 காலை 8 மணிக்கு டிக்கெட் போட உட்கார வேண்டும். நம் பக்கத்துக் கட்டட வேலை, ஓட்டல் வேலை செய்கிற வடநாட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற வண்டி அது, கோடையில் இடம் சீக்கிரம் போய்விடும். திரும்பி வரும் டிக்கெட்டையும் அதற்குரிய நாளில் போட்டுவிடுங்கள், தட்கலை நம்பிப் போகாதீர்கள்.

கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம் போல ஆகும். அங்கே எல்லையில் நிற்கும் தோரண வளைவைத் தாண்டி நடந்தே நேபாளத்துக்குள் போகலாம், அந்தப் பக்கம் நாலைந்து கிலோமீட்டரில் பைரவா. முதல் ராத்திரி அங்கேயோ, புத்தர் பிறந்த லும்பினியிலோ தங்கி உடம்பை ஆற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் போக்ராவில் மூன்று ராத்திரி, காத்மாண்டுவில் மூன்று ராத்திரி. பகல் பஸ்ஸிலேயே போங்கள். மலைச்சாலையில் இருட்டில் போவது எனக்குச் சம்மதமில்லை, மாமியாரோடு என்றால் அறவே வேண்டாம்.

கணக்கு இதோ. ஸ்லீப்பரில் போகவர நாலு பேருக்கு 9,000, நேபாளத்துக்குள் பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் 12,000, வழியில் தங்க நேர்ந்தால் என்று இரண்டு ராத்திரி சேர்த்து ஒன்பது ராத்திரி அறைக்கு நாளுக்கு 1,500 வீதம் 13,500 என்று ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500, நாலு பேருக்கு ஒன்பது நாளில் 18,000. கூட்டினால் 52,500 வருகிறது. மீதி 7,500-ஐத் தனிப் பையில் போட்டு மாமியார் இடுப்பில் முடிந்துவிடுங்கள், அது மருந்துக்கும் அவசரத்துக்கும். சாப்பாட்டில் 500 கூட ஆகாது, டால் பாத் சொன்னால் சோறு, பருப்பு, காய் எல்லாம் கேட்கக் கேட்கப் போடுவார்கள். மோமோ வாங்கும்போது மட்டும் “பஃப்” என்றால் எருமைக்கறி என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்றை மறைக்க எனக்கு மனசில்லை. மலை பளிச்சென்று தெரிகிற மாதம் அக்டோபர், நவம்பர்தான். ஏப்ரல், மே மாதங்களில் புகைமூட்டம் இருக்கும், ஒரு மழை பெய்து விட்டால்தான் விலகும். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது தடைக்காலம்தான், அதில் ஏப்ரல் பின்பாதி நல்லது. மே போகப்போக கோரக்பூர் வெயில் மாமியாரைப் படுத்தும், ஜூன் நடுவிலே நேபாளத்தில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும். 2024 ஜூலையில் திரிசூலி ஆற்றங்கரைச் சாலையில் மலை சரிந்து இரண்டு பஸ்கள் ஆற்றோடு போயின. மழை மாதத்தில் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடும்பத்தோடு போகாதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். வயது 70. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் முக்திநாத்தைச் சேவிக்க ஆசை. மகன் “மூச்சு வாங்கும், வேண்டாம்” என்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உங்கள் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அது, சும்மா விட்டுவிடு என்று என்னால் சொல்ல முடியாது.

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் ஊட்டியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரம். போக்ராவோ 800 மீட்டர் சுமார்தான். காலையில் போக்ராவில் கிளம்பி அதே நாளில் மேலே ஏறி நிற்பதுதான் ஆபத்து. நடுவில் ஜோம்சோமில், அது 2,700 மீட்டர் சொச்சம், ஒரு ராத்திரியாவது தங்குங்கள், ரெண்டு ராத்திரி என்றால் இன்னும் நல்லது. மறுநாள் காலை மேலே போய், சேவித்துவிட்டு, அன்றே ஜோம்சோமுக்கு இறங்கிவிடுங்கள். தலைவலி, வாந்தி, நடை தள்ளாட்டம் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும், மருந்தைவிட அதுதான் முக்கியம். கிளம்புவதற்கு முன் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டரிடம் காட்டி, போகும் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மகனை அனுப்பி வையுங்கள்.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் உண்டு, இருபது நிமிஷம்தான். ஆனால் முற்பகலுக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும் என்பதால் காலையில் மட்டுமே பறக்கும், மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. ஜீப்பில் போனால் ஒரு பகல் முழுக்க ஓடும், எலும்பு குலுங்கும், செலவு குறைவு. எதில் போனாலும் திரும்பும் ரயிலுக்கு முன்னால் ரெண்டு நாள் காலியாக விடுங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டை போக்ராவிலேயே வாங்கிவிடலாம், நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், நம் காசில் 625.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 மாட்டுமுகக் குழாய்கள். அவற்றின் அடியில் ஓடிக் குளிப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் ஆசை வரும். அது பனி உருகி வரும் தண்ணீர். என் அம்மா ஒவ்வொரு குழாயிலும் விரலை நனைத்து நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டே 108-ஐயும் முடித்தார், ஏழாவது எட்டாவது குழாயிலேயே விரல் சிவந்து மரத்துவிட்டது, நான் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே கூடவே நடந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் ஐயா. முழுக்குப் போட வேண்டாம்.

வியாசர்பாடி. நாங்கள் மூன்று நண்பர்கள். ஆளுக்கு 20,000 பட்ஜெட். நேபாளமா, பூட்டானா?

நேபாளம், தம்பி. பூட்டான் அழகில் குறைந்ததில்லை. ஆனால் 2022 செப்டம்பரிலிருந்து இந்தியருக்கும் அங்கே ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம் உண்டு. ஐந்து ராத்திரி என்றால் 6,000, மூன்று பேருக்கு 18,000. அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் அதற்கு மேலேதான். பாரோவில் பாறை விளிம்பில் தொங்குகிற தக்சங் மடத்துக்கு ஏற நுழைவுக் கட்டணம் வேறு. அந்தக் காசுக்கு நேபாளத்தில் ஒரு வாரம் கூட இருக்கலாம். வேலையில் நிலைத்த பிறகு பூட்டான் போங்கள், போகும்போது நல்லபடியாகச் செலவழித்துப் பாருங்கள். எல்லை ஊரான ஃபுன்சோலிங்கைப் பகலில் சுற்றிப் பார்க்க மட்டும் அந்தக் கட்டணம் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடையில் வேலை. பணத்தை எப்படி எடுத்துப் போவது? ஸ்வெட்டர் எம்.சி. ரோட்டிலேயே வாங்கலாமா?

பணத்தை நூறு ரூபாய் நோட்டாக எடுத்துப் போங்கள். 2018 டிசம்பரில் நேபாள அரசு பெரிய இந்திய நோட்டுகளுக்குத் தடை போட்டதிலிருந்து அங்கே சின்னக் கடைக்காரர்கள் 500-ஐப் பார்த்தாலே கையை இழுத்துக்கொள்வார்கள், நூறு என்றால் பேச்சே இல்லை. நம் 100 அவர்களுக்கு 160, பல வருஷமாக இதுதான் நிலையான மாற்று. கடையில் விலை சொன்னதும் “ஐசியா, என்சியா?” என்று கேளுங்கள், ஐசி என்றால் நம் ரூபாய், என்சி என்றால் அவர்களுடையது. கேட்காமல் கொடுத்தால் நூற்றுக்கு அறுபது அதிகம் போய்விடும். 2024-லிருந்து ‘Fonepay’ (நம் ஊர் PhonePe இல்லை) என்று எழுதிய அவர்கள் ஊர் க்யூஆர் அட்டையில் நம் யூபிஐ-யை வைத்தே பணம் கட்டலாம், ஆனால் மலைக்கிராமத்தில் அதை நம்பிப் போகக் கூடாது.

ஸ்வெட்டர் ஒன்று இங்கே வாங்கிக்கொள்ளுங்கள், ரயிலுக்கும் ஆகும். தடிமனான ஜாக்கெட்டை போக்ரா ஏரிக்கரைக் கடைகளிலோ காத்மாண்டுவின் தமேல் தெருவிலோ பார்க்கலாம்.

எண்ணூர். தெரிந்த ஒருவர் “எல்லையில் ஆள் இருக்கிறார், அவரே எல்லாம் பார்த்துக்கொள்வார், முன்பணம் கொடுங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதைச் சூடு பட்டவளாகச் சொல்கிறேன். முதல் தடவை அம்மாவோடு போனபோது சோனௌலியில் தோளில் துண்டு போட்ட ஒருவர் எங்கள் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு, “டைரக்ட் காத்மாண்டு, சாய்வு சீட்டு, ஜன்னல் ஓரம்” என்றார். ஆளுக்கு 1,200 நம் காசு வாங்கிக்கொண்டு நேபாளியில் ஏதோ கிறுக்கிய சீட்டு ஒன்று கொடுத்தார். எல்லையைத் தாண்டிப் போனால் பஸ் இருந்தது, எங்களுக்கு இடம் இல்லை. டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு மணி நேரம் மன்றாடின பிறகு கியர் பெட்டிக்குப் பக்கத்தில் மெத்தை போட்ட மூடி மேல் அம்மாவை உட்கார வைத்தார்கள். மலையேறும் வரை கீழிருந்து எஞ்சின் சூடு, அம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. காசு போனதைவிட அந்த முகம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பைரவா பஸ் நிலையத்தின் கவுன்டரில் நீங்களே போய் வாங்குங்கள். சீட்டு எண்ணையும் பஸ் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தேதியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அங்கே விக்ரம் ஆண்டு, நம்மைவிட ஐம்பத்தாறு ஐம்பத்தேழு வருஷம் முன்னால் ஓடுகிறது, மாதமும் வேறு. பக்கத்தில் நம் தேதியை எழுதச் சொல்லி வாங்குங்கள். கடிகாரத்தையும் 15 நிமிஷம் முன்னால் தள்ளி வையுங்கள், பஸ் அவர்கள் மணிக்குத்தான் கிளம்பும்.

உள்ளூரிலேயே பழகின டூர்க்காரர் குழுவாக அழைத்துப் போகிறார் என்றால் அது வேறு. அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்தெந்த ராத்திரி எந்த ஊரில் தங்குவது, முக்திநாத் என்றால் ஜோம்சோமில் தங்கல் உண்டா, விமானம் பறக்காவிட்டால் கூடுதல் நாளுக்கு யார் செலவு. 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர் போராட்டம் வெடித்தபோது விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள், அப்படி மாட்டிக்கொண்டால் என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பதிலைப் பேச்சில் வாங்காமல் தாளில் வாங்குங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணத்தை எண்ணிக் கொடுங்கள்.