‘ஓஷி நோ கோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் நடிகையாக வரும் அரிமா கானாவின் திருப்புமுனை எந்த எபிசோடு?

முதல் சீசனின் கடைசி எபிசோடில் வரும் மேடைக் காட்சி என்றுதான் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், 2023இல் வந்த அதே சீசனின் 4ஆவது எபிசோடு.

பத்தே விநாடியில் கண்ணீர் விடும் மேதை என்று சின்ன வயதில் கொண்டாடப்பட்டவள் கானா. வளர்ந்ததும் வாய்ப்புகள் குறைந்தன. கூட்டம் வேறு குழந்தையைத் தேடிப் போய்விட்டது. அதன்பின் அவள் பழகிக்கொண்டது, கிடைத்த வேலையைத் தக்கவைக்க அடங்கிப் போவது. ஒரு காமிக்ஸைத் தொடராக எடுக்கிறார்கள். உடன் நடிப்பவர்கள் பெரும்பாலும் அனுபவமில்லாத மாடல்கள். அவர்களின் குறை தெரியக்கூடாதே என்று தன் நடிப்பையே மட்டம் தட்டிக்கொள்கிறாள். எனக்கு மனதைப் பிசைந்த இடம் இதுதான்.

சரி, எங்கே திரும்புகிறது? படப்பிடிப்பில் கூரை ஒழுகித் தரையில் தேங்கிய தண்ணீரைக்கூட, கதையின் மையப் பாத்திரமான அக்குவா அந்தத் தொடரில் தான் ஏற்ற வில்லன் வேடத்துக்குப் பயன்படுத்துகிறான். நாயகனாக நடிக்கும் மெல்ட்டைச் சீண்டி, நிஜக் கோபத்தை வரவழைக்கிறான். காட்சிக்கு உயிர் வந்ததும் கானா இனி அடங்கத் தேவையில்லை. முழுத் திறமையோடு அழுகிறாள். மூலக்கதையை எழுதியவரே நெகிழ்ந்துபோகிறார்.

அப்புறம் அவள் ஐடல் குழுவில், அதாவது மேடையில் ஆடிப்பாடும் இளம்பெண்கள் குழுவில், சேர்வதற்கும் அக்குவாமீது வந்த இந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம்.