மொழியியலில் எந்தக் கிளை முதலில்? கரியையும் கறியையும் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ். தமிழ் வழியில் படித்தாலும் பள்ளியில் மலையாளமும் கற்றேன். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டேன். மொழியியல் படிக்க ஆசை. ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், சமூக மொழியியல் என்று கிளைகளின் பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எதில் தொடங்குவது? ஓர் இணையப் பயிற்சி நிலையம் ஆறே வாரத்தில் எல்லாக் கிளைகளையும் கற்றுத் தந்து ‘மொழியியல் வல்லுநர்’ சான்றிதழும் தருகிறதாம். கட்டணம் 14,500 ரூபாய். அதை வைத்துப் பேச்சுப் பயிற்சி மையமே தொடங்கலாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. சேரலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. இதை இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

தனியார் நிலையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழை எம்.ஏ. சேர்க்கைக்கும் கேட்க மாட்டார்கள், விரிவுரையாளர் வேலைக்கும் கேட்க மாட்டார்கள். அதைவிட ஆபத்தானது அந்தப் பேச்சுப் பயிற்சி மையப் பேச்சு. திக்குவாய், பேச்சு வராத குழந்தை, பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் ஆகியோருக்குச் செய்வது சிகிச்சை. அதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்பியல், பேச்சு–மொழி நோயியல் இளநிலை) என்ற பட்டம் தனியாக இருக்கிறது. உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து 4 ஆண்டு. பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும். முடித்தபின் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாதவர் இந்தத் தொழிலைச் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. இதைச் சொல்லாமல் கட்டணம் வாங்குகிறவர்கள், பேச்சு வராத பிள்ளையின் பெற்றோரையும் சேர்த்தே ஏமாற்றுகிறார்கள். மொழியியலில் எம்.ஏ. வாங்கியவருக்கே அந்த உரிமை கிடையாது. ஆறு வாரக்காரருக்கு எங்கிருந்து வரும்?

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எல்லாக் கிளைகளையும் ஒரே சமயத்தில் தொட வேண்டியதில்லை. ஒலியில் தொடங்குங்கள். உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொல்லுறுப்பு) என்றாலும் தொடர் என்றாலும் ஊர்வழக்கு என்றாலும், கேட்டதைக் கேட்டபடி எழுதத் தெரியாதவருக்கு எதுவும் கைகூடாது. நம் கல்லூரிகளில் மொழியியலுக்கென்று ஒரு தாள் வைக்கிறார்கள். அதில் எட்டு வரையறைகளைச் சொல்லி எழுதவைத்துத் தேர்வு நடத்தி அனுப்பிவிடுகிறார்கள். மாணவர் ஒரு தடவையாவது ஓர் ஒலியைக் காதால் பிரித்துக் கேட்டாரா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்தான். நீங்கள் இருப்பதோ இரண்டு மொழியும் தினமும் காதில் விழும் ஊர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ‘கரி’ என்றால் அடுப்புக்கரி, ‘கறி’ என்றால் தின்னும் கறி. எழுத்தில் ர, ற இரண்டும் வேறு. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கன்னியாகுமரிப் பக்கம் வேறுபாடு இன்னும் இருக்கிறது. மலையாளத்தில் கரியும் கறியும் கண்டிப்பாக வேறு. ‘ர’வுக்கு நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகும். ‘ற’வுக்கு இரண்டு மூன்று முறை அதிரும். உங்கள் ஊர்த் தமிழ் எந்தப் பக்கம்?

20 சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் கரித்துண்டின் படம், பத்தில் கறிக் கிண்ணத்தின் படம். எழுத்து வேண்டாம், படம் மட்டும். எழுதிக் காட்டினால் பள்ளிக்கூடம் போனவர் டீச்சருக்கு வாசிப்பதுபோல் ‘ற’வை அழுத்திவிடுவார். நீங்கள் அளப்பது அவர் பேச்சை அல்ல, அவர் படிப்பை என்றாகிவிடும். சீட்டைக் கலைத்துப் பாட்டியிடம் கொடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து ‘இங்க கரி இருக்கு’ என்பதுபோல ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லட்டும். சொல்லை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் பட்டியல் படிக்கும் ராகம் வந்துவிடும். அதே ஊர்க்காரர் இன்னொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் விழுந்தது எது என்று குறிக்கட்டும். எந்தப் படம் எத்தனை என்பதை அவரிடம் சொல்லாதீர்கள்.

20-இல் 15 அல்லது அதற்கு மேல் சரியாக இருந்தால் அந்த இருவர் பேச்சில் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. வெறும் ஊகத்தில் 15-ஓ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய 50 தடவைக்கு ஒரு தடவைதான். பத்தை ஒட்டி வந்தால் இரண்டும் கலந்துவிட்டன. சோம்பல்பட்டுப் பத்துச் சீட்டோடு நிறுத்தாதீர்கள். பத்தில் ஏழோ அதற்கு மேலோ என்பது ஆறு தடவைக்கு ஒரு தடவை சும்மாவே வந்துவிடும். பாட்டி, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என மூன்று தலைமுறையிடம் இதைச் செய்யுங்கள். ‘ரெண்டும் வேற வேறயா பாட்டி?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்.

இதைச் செய்து முடித்தவுடன் நீங்கள் மூன்று கிளைகளைத் தொட்டிருப்பீர்கள். நாக்கு என்ன செய்தது என்பது ஒலியியல். அந்த வேறுபாட்டால் பொருள் மாறுகிறதா என்பது ஒலியனியல். தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதா என்பது சமூக மொழியியல். பட்டியலைப் பார்த்து மிரண்டது இதற்குத்தான்.

அடுத்ததாக, எழுத்து வேறு ஒலி வேறு என்பது காதில் உறைக்க வேண்டும். இது உறைக்காமல்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். கல், பங்கு, அகம் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த ஒலி எங்கே வரும் என்பது இடத்தைப் பொறுத்தது. ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டால் வேறு சொல் ஆகிவிடாது. ஆகவே ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு) ஒன்று, மாற்றொலிகள் (இடத்துக்கேற்ப அது ஒலிக்கும் விதங்கள்) மூன்று. மலையாளத்தில் எதிர்மாறான ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘என்றால்’ என்ற பொருளில் ‘எந்நால்’ என்று நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்கிறார்கள். ‘என் மூலமாக’ என்பதற்கு ‘என்னால்’ என்று நாக்கைப் பல்லுக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். ஒலி இரண்டு, பொருள் இரண்டு, எழுத்தோ ஒன்றே. நமக்கு ந, ன என்று எழுத்து இரண்டு இருக்கிறது. ஆனால் முந்நூறு, முன்னூறு இரண்டையும் இன்றைக்குப் பேச்சில் பிரிப்பவர் அரிது. பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சியிடம் அந்த இரண்டு சொற்களையும் சொல்லச் சொல்லி நாக்கு எங்கே படுகிறது என்று கேளுங்கள். ஒரு மாதப் பாடம் பத்து நிமிடத்தில் முடியும்.

பதிவு செய்யக் கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் ‘ப’வின் காற்று மைக்கில் மோதும். வேவ் வடிவில் பதியுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிக் கெட்டுவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒலியைப் படமாகப் பார்க்க, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ப்ராட்’ மென்பொருள் இலவசம். ‘கறி’யின் அதிர்வு அதில் வெள்ளைக் கீற்றுகளாக எண்ணும்படி தெரியும். பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் ஒலிக்குறி அட்டவணையும் இலவசம்தான். அதை முழுக்க மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் ஊர் ஒலிகளுக்கு வேண்டிய குறிகளை மட்டும் பழகினால் போதும்.

உருபனியல் உங்களுக்குப் பாதி தெரியும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்களே, அதன் தொடர்ச்சிதான் இது. எழுத்துத் தமிழை விட்டுவிட்டு வீட்டில் சொல்லும் ‘வந்துட்டிருக்கான்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். பக்கத்திலேயே மலையாளத்தை வையுங்கள். ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. அங்கே விகுதி உதிர்ந்துபோயிற்று. நமக்கு வந்தேன், வந்தான், வந்தாள் என்று நிற்கிறது.

தொடரியலுக்கு ஒரு வரி தருகிறேன். ‘புலி கொன்ற யானை.’ செத்தது எது? பழைய இலக்கணக்காரர்கள் இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று பேசியிருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றம் ஏன் வருகிறது, ‘ஐ’ உருபு வந்தால் ஏன் போய்விடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். சொற்பொருளை ஆராயும் பொருண்மையியல், கணினி மொழியியல் இரண்டையும் இப்போது விட்டுவிடலாம். கணினிப் பக்கம் போக நிரல் எழுதக் கற்க வேண்டும். அது தனிக் கணக்கு.

வரலாற்று மொழியியலில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். வலையொளியில் உலவும் சொல்லாராய்ச்சிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன. இரண்டு மொழியில் இரண்டு சொல் ஒலியில் ஒத்திருந்தால் உறவு என்று முழங்குகிறார்கள். தமிழின் மேல் உள்ள அன்பைக் காசாக்குகிற வேலை அது. ஒப்புமை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பால், பல், புலி, பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. ‘ப’ வரிசையாக ‘ஹ’ ஆகியிருக்கிறது. அதனால்தான் நம்புகிறோம்.

இன்னொன்று. நம் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’, நம் ‘சேரி’ அங்கே ‘கேரி’. பழைய ‘க’ இ, எ போன்ற உயிருக்கு முன்னால் தமிழில் ‘ச’ ஆயிற்று. அப்படியானால் கிளி ஏன் ‘சிளி’ ஆகவில்லை, கெடு ஏன் ‘செடு’ ஆகவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். அரைகுறை ஆசிரியர் இங்கே ‘அது விதிவிலக்கு’ என்று கடந்துவிடுவார். கடக்கக் கூடாது. கிளியில் அடுத்து வருவது ள், கெடுவில் ட். இரண்டும் நாவை மடித்துச் சொல்லும் ஒலிகள். கேள், கீழ் இவற்றையும் பாருங்கள். ள், ழ். அடுத்து நாமடி ஒலி வந்தால் ‘க’ அப்படியே நின்றுவிட்டது. மலையாளத்திலும் செவி, கிளி, கெடு என்றே இருக்கின்றன. அதே தடை அங்கும் வேலை செய்திருக்கிறது. தெலுங்கிலோ செவி, சிலுக, செடு. அங்கே தடை இல்லை, எல்லாம் மாறிவிட்டன. இந்தச் சின்ன விலக்கே தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு என்பதற்கு ஒரு சாட்சி. விலக்குக்குக் காரணம் தேடுகிற பொறுமைதான் இந்தத் துறை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வலையொளியில் எதைக் கேட்டாலும் முதலில் அதில் பாருங்கள்.

படிக்கும் இடம் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குக் கிட்டத்தில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் துறை இருக்கிறது. அதை வளர்த்த வ.அய். சுப்பிரமணியம் நாகர்கோவில்காரர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உண்டு. எம்.ஏ. சேர பி.ஏ.வில் மொழியியல் படித்திருக்கத் தேவையில்லை.

முகவர் யாராவது தொலைநிலையில் பிஎச்.டி. வாங்கித் தருகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள். தொலைநிலை முனைவர் பட்டத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிகளிலேயே தடுத்துவிட்டது. எம்.ஃபில். 2022-இல் நின்றுபோனது. அதற்கும் இன்னும் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் மொழியியலும் தமிழும் தனித்தனிப் பாடங்கள்; மொழியியலின் பாட எண் 31, தமிழின் எண் 26. முதுகலை எதில் வாங்கினீர்களோ அந்தப் பாடத்திலேயே எழுத வேண்டும். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ‘மொழியியல் எளிது, அதில் எழுதுங்கள்’ என்கிற பயிற்சி மையத்தின் பேச்சைக் கேட்காதீர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. வாளையாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் நல்ல பட்டமே வாங்கிவிடலாம். திரும்பி வந்தால் கேரளத்தில் சமநிலைச் சான்று கேட்கக்கூடும். அதே யுஜிசி ஏற்ற பல்கலைக்கழகம், அதே நாடு, நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அதற்காக ஒருவர் எத்தனை மேசைக்கு ஏறி இறங்குவது? பொறுக்க முடியாத வழக்கம் இது. ஆனாலும் இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். சேருமுன்பே நீங்கள் பின்னால் வேலை கேட்கப்போகும் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டத்து எரவாளர் பழங்குடியினர் பேச்சையோ அட்டப்பாடி இருளர் பழங்குடியினர் பேச்சையோ பதிய ஆசை வரும். வரட்டும். பேசுகிறவரிடம் எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே பதியுங்கள். பதிவை அவருக்கும் கொடுங்கள். குரல் வேண்டும் என்று காசு கொடுத்து அலைகிற இடைத்தரகர்களுக்கு அதை விற்காதீர்கள்.

200 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தினம் முக்கால் மணி நேரம். ஒவ்வொரு பக்கத்து மேலும் பேசியவர் வயது, ஊர், பள்ளியில் படித்த மொழி, தேதி. பெயர் வேண்டாம், எண் போதும். எம்.ஏ. நேர்காணலுக்குப் போகும்போது கரி–கறி முடிவுகள் உள்ள அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.