சாயாவில் பொடி கலந்து கொடுத்தால் குடி நிற்குமா?

கேள்வி: குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். தினமும் குடி. விடியற்காலையில் கத்தி பிடிக்கக் கை நடுங்குகிறது. ஒரு வாய் உள்ளே போனால்தான் நிற்கிறது. அவருக்குத் தெரியாமல் சாயாவில் கலந்து கொடுக்கச் சொல்லி உறவுக்காரர் ஒரு பொடி தந்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. பேர் இல்லாத பொடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்பிராம் மாத்திரையைப் பொடித்து ரகசியமாகக் கொடுப்பவர்களும் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை அதன் வேலை இருக்கும். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

எனக்கு அதைவிடக் கவலை அந்தக் கை நடுக்கம். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்டவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பேசலாம். அப்படி ஆனால் உடனே 108. மலைக்கு மாலை போட்ட கையோடும், கோயிலிலோ சர்ச்சிலோ சத்தியம் செய்த கையோடும் நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். சத்தியம் செய்யட்டும், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுச் செய்யட்டும்!

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்துக்கு மருந்து, பி1 வைட்டமின் ஊசி என்று சில நாள் சிகிச்சையில் உடம்பு தெளியும். ஆசையைக் குறைக்கும் மாத்திரையும் ஆலோசனையும் அதன் பிறகு மாதக்கணக்கில் தொடர வேண்டும். இடையில் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று விட்டுவிடாதீர்கள், மறுநாளே திரும்பக் கூட்டி வாருங்கள்.

போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. மழையில் வெட்டு இல்லாத நாளில், தெளிவாக இருக்கும்போது, "கை நடுங்குதே, ஒருதடவ காட்டிட்டு வருவோம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். குடியை இழுக்காமல் நடுக்கத்தைச் சொன்னால் பலர் வருகிறார்கள். அவர் கடைக் கடனை நீங்கள் அடைக்காதீர்கள், வேலைக்குப் போகாத நாளில் முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள்.

வர மறுத்தால் நீங்கள் மட்டும் வரலாம். தினம் எவ்வளவு குடிக்கிறார், முன்பு வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்பு பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.