கை நடுங்கினால் நர்ஸ் ஆகக் கூடாதா?

வியாசர்பாடித் தங்கச்சிக்கு: கொரோனா வார்டு என்றாலே கை நடுங்குகிறது, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே, அம்மா.

2020-இல் நான் கடைசி வருட மாணவி. ராயபுரம் மண்டலத்தில் தொற்று உச்சத்தில் இருந்த நேரம். கவச உடையில் முகம் தெரியாது என்பதால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்தே என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, கூடவே 'சிஸ்டர்' என்றும் சேர்த்துக் கூப்பிட்டார். நான் நர்ஸ் என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. நடுக்கம் மட்டும் உடனே போகவில்லை.

அப்புறம், கவச உடையைக் கழற்றும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். கையுறை முதலில், என்95 முகக்கவசம் கடைசியில், இடையிடையே கையைச் சுத்தம் செய்ய வேண்டும். தோழியை எதிரில் நிறுத்திப் பழகு. தப்பு செய்தால் அவள் சொல்லட்டும். பயத்தை வார்டு சிஸ்டரிடமும் மறைக்காதே.