பதில்: அப்பாவின் உருவத்துக்குத் தேன்மெழுகா, வெண்கலமா?

வணக்கம் நண்பரே. படுக்கையில் கிடந்த அப்பாவின் உடம்பைச் சிலையாகச் செய்யவேண்டும், வெண்கலம் ரொம்ப வீரமாகத் தெரிகிறது, முழுக்கத் தேன்மெழுகில் செய்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், டிசம்பர் கோடையில், சாட்ஸ்வர்த் ஹாலில் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காது. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், சரிதான், ஆனால் 35ஐத் தாண்டினாலே கை பட்ட இடம் அமுங்கும், மெலிந்த கால்கள் தன் பாரத்திலேயே வளையும், அதுவும் ஏசி இல்லாத ஹால், டர்பன் வெயிலில் மூடிய காரில் வேறு கொண்டுபோகவேண்டும்.

இத்தாலியச் சிற்பி மெடார்டோ ரோஸ்ஸோ செய்தமாதிரி உள்ளே பிளாஸ்டர், மேலே மெழுகு என்று போங்கள். மெழுகுக்குள் வெளிச்சம் கொஞ்சம் இறங்கித் திரும்புவதால்தான் அது தோல் மாதிரி தெரிகிறது, அதற்கு மேல்பூச்சே போதும். பிளாஸ்டர் நன்றாகக் காயட்டும், ஈரமிருந்தால் மெழுகு உரிந்துவரும். உள்கம்பிக்குச் சாதா இரும்பு வேண்டாம், கடல் காற்றில் துருவேறிக் கறை வெளியே வரும், அலுமினியம் போடுங்கள்.

ஒன்று சொல்லட்டுமா, பொருள் மென்மையாக இருந்தால்தான் பலவீனம் தெரியும் என்பதில்லை. கேப் டவுன் தேசியக் கலைக்கூடத்தில் தென்னாப்பிரிக்கச் சிற்பி ஜேன் அலெக்சாண்டரின் 'புட்சர் பாய்ஸ்' (1985-86) சிற்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிளாஸ்டர், எலும்பு, கொம்பு. கட்டுமஸ்தான உடம்புதான், ஆனால் வாய் இல்லை. பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். அதனால் உங்கள் அப்பாவுக்கும் எதைச் செய்யாமல் விடுவது என்று முதலில் யோசியுங்கள், விலா எலும்பை எல்லாம் எண்ணி எண்ணிச் செதுக்காதீர்கள்.

அப்புறம் ஹால்காரர்களிடம் எல்இடி விளக்கு கேளுங்கள், ஹாலோஜன் பக்கத்தில் வைத்தால் மேல்பூச்சும் இளகும்.