பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

ஐயா, போன வாரம் நீங்கள் வந்தபோது மஞ்சள் பையில் அடகு வைக்கத் தோட்டத்துப் பத்திரம் இருந்தது. மச்சினர் கோயம்புத்தூரில் டேட்டா சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி முடித்துவிட்டார், மகளோ கணிதம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றீர்கள். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். அவள் நீட்டிய சிட்டையைப் பார்த்தபின் அது முடியவில்லை.

மாட்டுத்தாவணியில் உங்கள் கடையின் ஒரு மாத மல்லிகை விலையை எழுதியிருந்தாள். முகூர்த்த நாள் 6, கிலோவுக்குச் சராசரி 1,500 ரூபாய். மற்ற 24 நாள், 400. முப்பது நாளுக்கும் சேர்த்து 620. அதன்கீழே, “620 ரூபாய்க்கு ஒரு நாளும் விற்கவில்லை. நாளை முகூர்த்தமா என்று முதலில் சொல்லுங்கள்.”

ஐயா, ஒரு தகவல் தெரிந்தபின் அதற்கேற்ப எடுக்கும் சராசரி, இதுதான் நிபந்தனை எதிர்பார்ப்பு. பள்ளியில் நிபந்தனை நிகழ்தகவைத் தனியாகவும் கணித எதிர்பார்ப்பைத் தனியாகவும் படித்தவள், யாரும் சொல்லாமல் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறாள். ரஷ்யக் கணித அறிஞர் கோல்மகோரவ் 1933இல் உறுதியான அடித்தளம் போட்ட கருத்து இது. கையில் இருக்கும் தகவலைக் கொண்டு, சராசரி வர்க்கப் பிழை (ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி எடுக்கும் சராசரி) மிகக் குறைவாக வரும்படி ஊகிக்கச் சொன்னால் விடை இதுவே. மச்சினர் சொல்லும் டேட்டா சயின்ஸும் இதன்மேல்தான் நிற்கிறது.

பொறியியல் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லும். நான் ஆக்சுவரி பற்றிச் சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணிப்பவர் ஆக்சுவரி. ஆயிரம் பைக்குகளுக்குச் சராசரியாக 40 இழப்பீட்டுக் கோரிக்கை, ஒவ்வொன்றும் சராசரி 9,000 ரூபாய் என்று வையுங்கள். எத்தனை கோரிக்கை என்பதை முதலில் நிறுத்திக்கொண்டு தொகையைக் கணித்து, பிறகு எண்ணிக்கைக்கும் சராசரி எடுத்தால் 3,60,000. பைக்குக்கு 360 ரூபாய். உங்கள் மகள் மல்லிகைக்குப் போட்ட அதே கணக்கு!

பிளஸ் டூ முடித்தவர்கள் இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வை எழுதலாம். அதில் தேறினால் தாள் தாளாக எழுதிக்கொண்டே போகலாம். சிஎஸ்1 என்ற புள்ளியியல் தாளின் பாடத்திட்டத்திலேயே நிபந்தனை எதிர்பார்ப்பு இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதியைக் கணினியில், புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியில் எழுத வேண்டும். கடினமான தேர்வுகள், ஆண்டுகள் பிடிக்கும், தாளுக்குத் தாள் கட்டணமும் உண்டு. ஆனால் ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை. கூடவே பி.எஸ்சி. கணிதம் படிக்கட்டும்: லேடி டோக், பாத்திமா, அமெரிக்கன், தியாகராசர் என எல்லாம் மதுரையிலேயே இருக்கின்றன. வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ்.

அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்காகத் தோட்டத்தை அடகு வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். வட்டி முகூர்த்தம் பார்த்து ஏறாது, மாதாமாதம் ஏறும். மச்சினரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன். சிட்டையையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.